கேள்வி கேட்பவன் யார்?

அகதியாகிவிட்ட ஒருவனுக்கு வீடு இல்லை; வேலை இல்லை; சொல்லிக்கொள்ள ஓர் ஊர் இல்லை. ஆனாலும் அவனிடம் ஒரு சொத்து மிஞ்சியிருக்கிறது. அதை எல்லாரும் கேட்கிறார்கள். அதுதான் அவனுடைய கதை. எல்லைக் காவலன் கேட்கிறான். மனுவைப் பரிசீலிக்கிற உத்தியோகஸ்தர் கேட்கிறார். பத்திரிகை நிருபர் கேட்கிறார். கம்பளி கொண்டுவந்து கொடுக்கிற தருமவான் கேட்கிறார். எல்லாரும் போன பிறகு, நோட்டுப் புத்தகமும் ஒலிப்பதிவுக் கருவியுமாக ஆராய்ச்சியாளர் வந்து கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் அவன் சொல்கிறான். ஒவ்வொரு தடவையும் கதை அவன் கையைவிட்டுப் போய்விடுகிறது. அது எங்கே போயிற்று, என்ன ஆயிற்று என்று யாரும் திரும்பி வந்து அவனுக்குச் சொல்வதில்லை.

நாவல் எழுதுகிறவர்களும் இந்த வரிசையில் நிற்பவர்கள்தாம். பிறருடைய வாழ்க்கையைக் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் எடுத்துக்கொண்டு, அதை நம்முடையதாக்கி எழுதுகிறோம். அது எங்கள் தொழில். அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால், "கேட்கிறவன் கையிலுள்ள கேள்வியை வாங்கிச் சொல்கிறவன் கையில் கொடுத்துவிட்டால் என்ன?" என்று யாராவது யோசனை சொன்னால், எனக்கு அதில் தொழில்ரீதியாகவே ஓர் அக்கறை உண்டாகிறது. கொஞ்சம் பயமும் உண்டாகிறது.

அந்த யோசனையைச் செய்தே பார்த்துவிட்ட ஒரு புத்தகத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். 2017-ல் லண்டனில் புளூட்டோ பிரஸ் வெளியிட்ட 'வாய்ஸஸ் ஃப்ரம் தி ஜங்கிள்'. 'ஜங்கிளிலிருந்து எழும் குரல்கள்' என்று தமிழில் சொல்லலாம். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'கலே எழுத்தாளர்கள்' என்று போட்டிருக்கிறது. ஆப்கானிஸ்தானம், சூடான், ஈரான், ஈராக், சிரியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, எரித்திரியா என்று பல தேசத்து மனிதர்கள், பெரும்பாலோர் இளைஞர்கள். எல்லாரும் ஒரே முகாமில் தங்கியிருந்தவர்கள் என்பதுதான் அவர்களைச் சேர்த்த ஒரே விஷயம்.

கலே என்பது பிரான்ஸின் வடகரையில் உள்ள துறைமுகம். தெளிந்த நாளில் அங்கிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பால் இங்கிலாந்தின் வெள்ளைக் குன்றுகள் தெரியும். நடுவே சுமார் 33 கிலோமீட்டர் தண்ணீர். 1994-லிருந்து அந்தத் தண்ணீருக்கு அடியில் ரயில் ஓடுகிறது. சாமான் ஏற்றிய லாரிகள் இரவும் பகலும் கப்பலிலும் ரயிலிலும் ஏறி அக்கரை போகின்றன. உருளைக்கிழங்கு போகலாம், பிளாஸ்டிக் நாற்காலி போகலாம். மனிதன் போகக் கூடாது. ஆகவே மனிதர்கள் அங்கே தேங்கினார்கள். 2015-ம் வருஷம் துறைமுகத்துக்குப் போகும் பெருஞ்சாலையின் ஓரத்தில், மணல்மேடும் பழைய குப்பைமேடுமாகக் கிடந்த நிலத்தில், கூடாரமும் தகரமும் தார்ப்பாயும் கொண்டு ஓர் ஊர் முளைத்தது. மசூதி, மாதா கோயில், டீக்கடை, பள்ளிக்கூடம், நாடகக் கொட்டகை, 'ஜங்கிள் புக்ஸ்' என்று ஒரு வாசகசாலைகூட அங்கே இருந்தது. 2016 கோடையில் ஜனத்தொகை ஏழாயிரத்தை எட்டிவிட்டதாக அதிகாரிகள் சொன்னார்கள். தொண்டர்கள் ஒன்பதாயிரத்துக்கு மேல் என்றார்கள். அந்த அக்டோபர் 24-ந் தேதி பேருந்துகளைக் கொண்டுவந்து ஜனங்களை ஏற்றத் தொடங்கினார்கள். சில நாட்களில் ஊர் தரைமட்டமாயிற்று.

அந்த ஊரை உலகம் 'ஜங்கிள்' என்று அழைத்தது. இந்தச் சொல்லின் பிரயாணத்தை நாம் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஏனென்றால் அது நம் பக்கத்திலிருந்து புறப்பட்ட சொல். வடமொழியில் 'ஜாங்கலம்' என்றால் வறண்ட நிலம். அது ஹிந்தியில் காடாயிற்று. பாரசீகம் பேசுகிறவர்களும் பஷ்டு பேசுகிறவர்களும் மரங்கள் அடர்ந்த இடத்துக்கு அதையே சொல்கிறார்கள். வெள்ளைக்காரன் அதைத் தன் ஊருக்குக் கொண்டுபோய்ப் புலியும் பாம்பும் திரிகிற இடமாக்கினான். கலேயின் மரத்தோப்புகளில் படுத்துறங்கிய ஆப்கானிய இளைஞர்கள் 'நாங்கள் காட்டில் இருக்கிறோம்' என்று சாதாரணமாகச் சொன்னார்கள். அதைக் காதில் வாங்கியவர்கள் 'மிருகங்கள் இருக்கும் இடம்' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்கள். சொன்னது ஒன்று, கேட்டது ஒன்று. இந்தப் புத்தகத்தின் பிரச்னை முழுவதும் இந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

புத்தகம் உண்டான விதம் சுவாரசியமானது. கிழக்கு லண்டன் பல்கலைக் கழகத்து ஆசிரியர்கள் சிலர் முகாமுக்கு வந்து, 'வாழ்க்கைக் கதைகள்' என்ற பெயரில் ஒரு சிறு பாடத்தை நடத்தினார்கள். பொழுதுபோக்குக்காக நடத்தப்பட்ட வகுப்பு அல்ல அது. முடித்தவர்களுக்குப் பல்கலைக் கழகம் அங்கீகரிக்கிற மதிப்பெண் கிடைத்தது. பிறர் தம் வாழ்க்கையை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று படிப்பது. பிறகு தம்முடையதை எழுதுவது. ஆங்கிலம் இந்த மாணவர்களுக்கு இரண்டாவது அல்லது மூன்றாவது பாஷை. சிலர் அதிலேயே எழுதினார்கள். சிலர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிக்கொண்டார்கள். சிலருடையது மொழிபெயர்க்கப்பட்டது. புகைப்படக் கருவியைக் கையில் கொடுத்துப் படம் எடுக்கவும் சொன்னார்கள். இப்படிச் சேர்ந்தவைதாம் புத்தகமாயின.

'ஆராயப்படுகிறவனே ஆராய்கிறவனாக இருக்கட்டும்' என்ற இந்த முறைக்குப் பங்கேற்பு ஆராய்ச்சி என்று பெயர். நேற்றுப் பிறந்த சரக்கு அல்ல. பிரேஸில் தேசத்துப் பாவ்லோ ஃபிரெய்ரே, 1964-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது சிறைக்குப் போய், பிறகு சிலி நாட்டில் அகதியாக இருந்துகொண்டுதான் 'ஒடுக்கப்பட்டவர்களின் கல்வி' பற்றிய தம் புத்தகத்தை 1968-ல் எழுதி முடித்தார். மாணவன் காலிக்குடம், ஆசிரியர் தண்ணீர் ஊற்றுகிறவர் என்ற எண்ணத்தை அவர் எதிர்த்தார். கொலம்பியாவின் ஓர்லாண்டோ ஃபால்ஸ் போர்டா, குடியானவர்களின் சரித்திரத்தைக் குடியானவர்களோடு சேர்ந்தே எழுதவேண்டும் என்றார். 1977-ல் கார்த்தஹேனா நகரில் இதற்கென்று ஒரு மகாநாடே கூட்டினார். 1992-ல் சீனாவின் யூனான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர் 62 கிராமத்துப் பெண்களிடம் காமிராவைக் கொடுத்து, 'உங்கள் வாழ்க்கையை நீங்களே படம் எடுங்கள்' என்றார்கள். அந்த வழி பின்னால் பல தேசங்களுக்கும் பரவிற்று.

அகதிகளில் இளையவர்களை இதில் சேர்ப்பதற்கு ஒரு தனி நியாயமும் இருக்கிறது. உலகத்தில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களில் பத்துக்கு நாலு பேர் 18 வயது நிரம்பாதவர்கள் என்று ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஸ்தாபனம் கணக்குச் சொல்கிறது. தன்னைப் பாதிக்கிற காரியங்களில் தன் அபிப்பிராயத்தைச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்று 1989-ம் வருஷத்துக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12-வது ஷரத்து கூறுகிறது. காகிதத்தில் இப்படி இருந்தும், நடைமுறையில் அகதிச் சிறுவனைப் பற்றி அவன் தகப்பனைக் கேட்பார்கள். தகப்பன் இல்லாவிட்டால் தொண்டரைக் கேட்பார்கள். அவரும் இல்லாவிட்டால் பல்லை எக்ஸ்ரே எடுத்து வயதைக் கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள். பல்லிடம் கேட்பார்களே தவிர வாயிடம் கேட்க மாட்டார்கள்.

இனிப் புத்தகத்துக்கு வருகிறேன்.

இதைப் படிக்கும்போது முதலில் என் மனத்தில் பட்டது, இது கண்ணீர்ப் புத்தகம் அல்ல என்பது. அகதி முகாம் என்றவுடன் நாம் ஒரு சித்திரத்தை எதிர்பார்க்கிறோம். சேறு, குளிர், பசி, அழுகை. சேறும் குளிரும் இதிலும் இருக்கின்றன; லாரிக்குள் ஒளிந்துகொள்ளப் போகும் இரவுகளும், போலீஸாரும் இருக்கிறார்கள். ஆனால் அவற்றுக்குச் சமமாக வேறு விஷயங்களும் இடம் பெறுகின்றன. சொந்த ஊரில் தாங்கள் என்ன படித்தார்கள், என்னவாக வேண்டும் என்று நினைத்தார்கள், முகாமில் யாரோடு சிநேகமானார்கள், என்ன சமைத்தார்கள், செய்ய ஒன்றும் இல்லாத பகல்களை எப்படித் தள்ளினார்கள் என்பவை. வெளியிலிருந்து வருகிற ஆராய்ச்சியாளர், 'ஏன் ஓடி வந்தாய்? எந்த வழியாக வந்தாய்?' என்று கேட்பார். 'நீ எப்படிப்பட்ட ஆள்?' என்று கேட்கத் தோன்றாது. தன்னைத் தானே எழுதுகிறவன் இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்கிறான். 'நான் அகதி ஆவதற்கு முன்னால் இன்னாராக இருந்தேன்' என்பதுதான் அந்தப் பதில். ஓர் இலக்கிய ஆசிரியன் பாத்திரத்தைச் சிருஷ்டிக்கும்போது பிடிக்க வேண்டிய நுனியும் அதுவேதான்.

புனைபெயர்களைப் பாருங்கள். சொந்தப் பெயரைப் போட்டால் ஊரில் இருக்கிற உறவினருக்கோ, தம்முடைய மனுவுக்கோ கேடு வரலாம் என்று சிலர் வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒருவர் 'ஆப்பிரிக்கா'. இன்னொருவர் 'எரித்திரியா'. இன்னொருவர் 'அகதிகளின் குரல்'. நம் எழுத்தாளர்கள் மனைவி பெயரையும் மகள் பெயரையும் புனைபெயராக வைத்துக்கொள்கிறார்கள். ஒரு தேசத்தையே பெயராக வைத்துக்கொள்வதென்றால், அந்தத் தேசத்தை இழந்தவனுக்குத்தான் அது தோன்றும். எந்த விமர்சகனுடைய வியாக்கியானமும் வேண்டாத இடம் இது.

இன்னொரு குணம்: இவர்கள் தங்கள் கதையை யாருக்கும் நிரூபிக்க முயலவில்லை. இதன் அருமை நமக்குச் சட்டென்று தெரியாது. அகதியின் கதை ஒரு தஸ்தாவேஜு. அந்தத் தஸ்தாவேஜில் தேதி தப்பக் கூடாது. முதல் தடவை 'காலையில் வந்தார்கள்' என்று சொல்லிவிட்டு இரண்டாம் தடவை 'மத்தியானம்' என்றால் பொய்யன் என்று மனுவைத் தள்ளிவிடலாம். துன்பம் போதாது என்றாலும் தள்ளிவிடலாம். ஆகவே அவன் தன் வாழ்க்கையையே உத்தியோகஸ்தர் ஒத்துக்கொள்ளும் உருவத்தில் மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறான். இந்த அவலத்தைத் தமிழில் ஷோபாசக்தி நமக்குக் காட்டியிருக்கிறார். இலங்கையிலிருந்து போய்ப் பிரான்ஸில் அகதியாகத் தங்கிய அவர் 2001-ல் எழுதிய 'கொரில்லா' நாவல், அகதி அந்தஸ்துக் கோரி அந்த நாட்டு அதிகாரிகளுக்கு எழுதுகிற விண்ணப்பத்தின் உருவத்தில் தொடங்குகிறது. கதை சொல்கிற ஒருவனுக்கு எதிரே நீதிபதி உட்கார்ந்திருந்தால் கதை என்ன பாடுபடும் என்பதை அந்த உருவமே சொல்லிவிடுகிறது. கலே எழுத்தாளர்களுக்கு எதிரே, ஒரு சில மாதங்களுக்காவது, நீதிபதி இல்லை. அதனால்தான் அவர்களால் அற்பமான விஷயங்களை எழுத முடிந்திருக்கிறது. அற்பமான விஷயங்கள் இல்லாமல் இலக்கியம் இல்லை.

இவ்வளவு சொல்லிப் பாராட்டிவிட்டு, குறைகளைச் சொல்லாமல் விட்டால் அது விமர்சனம் ஆகாது.

முதற்குறை புத்தகத்தின் அமைப்பில் இருக்கிறது. சொந்த ஊர், பிரயாணம், முகாம், அதற்குப் பின் என்று பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொருவருடைய கதையிலிருந்தும் அந்தந்தப் பகுதிக்கு உரியதை வெட்டி அடுக்கியிருக்கிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க இது வசதி. ஆராய்ச்சிக்காரருக்கு மெத்த வசதி. ஆனால் ஒரு மனிதனோடு நாம் ஊரைவிட்டுப் புறப்படுகிறோம்; பாதி வழியில் அவன் கையை விட்டுவிட்டு வேறொருவன் கையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பல பக்கங்கள் தாண்டி முதல் மனிதன் திரும்ப வரும்போது, யார் இவன் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. குடும்பத்திலிருந்தும் தேசத்திலிருந்தும் துண்டிக்கப்பட்ட மனிதனைப் புத்தகத்திலும் துண்டித்திருக்க வேண்டாம். எழுதியது அவர்கள், ஆனால் புத்தகத்தை அடுக்கியது பல்கலைக் கழகத்து மனம். அந்த மனத்தின் பழக்கம் இந்த அமைப்பில் தெரிகிறது.

இரண்டாவது குறை இதைவிடப் பெரிது. இந்த ஒரு புத்தகத்துக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. பங்கேற்பு ஆராய்ச்சி என்று பெயர் வைத்துக்கொண்டு நடக்கிற காரியங்களில் பங்கேற்பு எந்த அளவு? ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-ல் குழந்தைகளின் பங்கேற்பைப் பற்றி எட்டுப் படிகள் உள்ள ஓர் ஏணியைப் போட்டுக் காட்டினார். கீழே உள்ள மூன்று படிகளும் பங்கேற்பே அல்ல என்றார். குழந்தையை உபயோகப்படுத்திக்கொள்வது ஒன்று; மேடையில் அலங்காரமாக நிறுத்துவது ஒன்று; பெயருக்கு ஒரு வார்த்தை பேசச் சொல்வது ஒன்று. ஆண்டு விழாவில் மந்திரிக்குப் பூச்செண்டு கொடுக்கிற பெண் குழந்தையைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே போகப் போக, குழந்தையே காரியத்தைத் தொடங்கி, பெரியவர்களோடு கலந்து முடிவு செய்வது என்ற இடம் வருகிறது. இளம் அகதிகள் சேர்ந்த ஆராய்ச்சிகளை இந்த ஏணியில் வைத்துப் பார்த்தால் பல நடுப்படியில் நிற்கின்றன. விஷயம் சேகரிக்க அவர்களை அழைக்கிறார்கள். எந்த விஷயத்தைக் கேட்பது என்று தீர்மானிக்கும்போதும், கிடைத்ததற்கு என்ன அர்த்தம் என்று சொல்லும்போதும் கதவு சாத்திவிடுகிறது. வீட்டுக் கல்யாணத்துக்குச் சமையலில் ஒத்தாசை பண்ணக் கூப்பிட்டுவிட்டு, பந்தியில் இலை போடாத கதைதான்.

இதனால் உண்டாகிற பலன்களைக் கணக்குப் பார்த்தாலும் மனம் உறுத்துகிறது. ஆராய்ச்சியாளருக்குக் கட்டுரை, பட்டம், பதவி உயர்வு. அகதி இளைஞனுக்கு ஒரு நற்சான்றிதழ். கலேயில் பாடம் நடத்தியவர்கள் இதை உணர்ந்துதான், சான்றிதழாவது உண்மையான சான்றிதழாக, வேறு கல்லூரியில் காட்டினால் செல்லுபடியாகிறதாக இருக்கட்டும் என்று மதிப்பெண் ஏற்பாடு செய்தார்கள். அது சின்னக் காரியம் அல்ல. பாதியில் படிப்பை விட்டு வந்தவனுக்கு அது ஒரு நூல்பாலம். இருந்தாலும் இந்த முயற்சிகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு பெரிய வார்த்தையைச் சொல்கிறார்கள். இது அகதி இளைஞர்களுக்கு 'ஆற்றல் அளிக்கிறது' என்கிறார்கள். 'அதிகாரம் அளிக்கிறது' என்றும் எழுதுகிறார்கள்.

'அளித்தல்' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அளிக்கிற கை மேலே இருக்கிறது. வாங்குகிற கை கீழே இருக்கிறது. நம் தொல்காப்பியர் ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களை வேறு வேறாக வைத்தார். தாழ்ந்தவன் கேட்கும்போது 'ஈ' என்பான். சமமானவன் 'தா' என்பான். உயர்ந்தவன் 'கொடு' என்பான். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய இந்த இலக்கணத்தை வைத்துக்கொண்டு இன்றைய அகதி முகாமைப் பார்க்கலாம். அகதி உத்தியோகஸ்தரிடம் 'ஈ' என்கிறான். உத்தியோகஸ்தர் அவனிடம் 'உன் கதையைக் கொடு' என்கிறார். கைரேகையைக் கொடு, வயதைக் கொடு என்கிறார். பங்கேற்பு ஆராய்ச்சி என்ற ஒன்றுக்கு அர்த்தம் இருக்குமானால், அது இந்த இருவருக்கும் நடுவே 'தா' என்ற சொல்லைக் கொண்டுவர வேண்டும். 'உனக்குத் தெரிந்ததை நீ தா; எனக்குத் தெரிந்ததை நான் தருகிறேன்.' அதற்கு மேல் அது ஒன்றையும் அளித்துவிட முடியாது.

ஏன் முடியாது என்றால், ஜங்கிளைப் பற்றிய புத்தகம் அச்சாகி வருவதற்கு முன்னாலேயே ஜங்கிளை இடித்துவிட்டார்கள். அழகான பக்கங்கள் எதுவும் அதைத் தடுக்கவில்லை. எழுதினவர்களில் யாருக்கும் எழுதினதற்காக இங்கிலாந்துக்குள் நுழைய அனுமதி கிடைக்கவும் கிடைக்காது. இதை மறைத்துவிட்டு, எழுத்து அவர்களுக்கு வலிமை தந்தது என்று மேடையில் பேசுவது பசித்தவனுக்குச் சங்கீதம் பாடிக் காட்டுவது போன்றது. 2001-ல் பில் குக், உமா கோத்தாரி என்ற இருவர் தொகுத்த ஒரு நூலுக்கு, பங்கேற்பு என்பதே ஒரு புதிய கொடுங்கோன்மையா என்று பொருள்படும் தலைப்பை வைத்தார்கள். தலைப்பு காரமானதுதான், காரணம் இல்லாத காரம் அல்ல.

அப்படியானால் இதெல்லாம் வீண்தானா? அப்படி நான் நினைக்கவில்லை. அறிவு என்பது எங்கே, எப்போது பலமாகிறது என்பதற்குக் கலேயிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2016 பிப்ரவரியில் முகாமின் தென்பாதியை இடிக்கப் போவதாகச் சர்க்கார் சொன்னபோது, அங்கே சுமார் ஆயிரம் பேர்தான் இருக்கிறார்கள் என்றது. தொண்டர்கள் கூடாரம் கூடாரமாகப் போய் எண்ணினார்கள். 3,455 பேர். அதில் சிறுவர் 445. பெற்றோர் துணையில்லாத சிறுவர் 315. விவகாரம் லீல் நகரத்துக் கோர்ட்டுக்குப் போயிற்று. இடிப்பு நிற்கவில்லை. ஆனாலும் மசூதி, மாதா கோயில், பள்ளிக்கூடம் போன்ற பொது இடங்களை இடிக்கக் கூடாது என்று நீதிபதி சொன்னார். முந்நூற்றுப் பதினைந்து குழந்தைகள் தனியாக இருக்கிறார்கள் என்பதை இனி யாரும் 'தெரியாது' என்று சொல்ல முடியாமற் போயிற்று. ஓர் எண்ணிக்கைக்கு இவ்வளவு பலம் இருக்கிறது. அந்த எண்ணிக்கையை அங்கே குடியிருப்பவர்களே எடுக்கக் கற்றுக்கொண்டால், எந்தக் கேள்வியைக் கேட்டு எண்ண வேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானித்தால், அது ஒரு பலம்தான். யாரும் அளித்த பலம் அல்ல, அவர்களே எடுத்துக்கொண்டது.

அந்த மாதிரி எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். கென்யாவின் வடமேற்கில் ககூமா என்று ஒரு முகாம். சூடான் யுத்தத்திலிருந்து நடந்து தப்பிய சிறுவர்களுக்காக 1992-ல் ஏற்பட்டது. அங்கேயே வளர்ந்தவர்களும் வந்து சேர்ந்தவர்களும் 2008 கடைசியில் தங்களுக்கென்று ஒரு செய்திப் பத்திரிகை தொடங்கினார்கள். முகாமை நடத்துகிறவர்களைப் பற்றியே அதில் எழுதினார்கள். சோறு போடுகிற கையைப் பற்றி எழுதுவது லேசான காரியம் அல்ல. ஹார்ட் போட்ட ஏணியை இவர்கள் படியேறிக் கடக்கவில்லை. தாங்களே ஓர் ஏணி செய்துகொண்டார்கள்.

அதே ககூமாவில் பல வருஷங்கள் இருந்த வாலென்டினோ அச்சாக் டெங் என்பவருடைய வாழ்க்கையைத்தான் அமெரிக்க நாவலாசிரியர் டேவ் எக்கர்ஸ் 'வாட் ஈஸ் தி வாட்' என்ற பெயரில் 2006-ல் எழுதினார். 'நான்' என்று பேசுவது டெங், எழுதியது எக்கர்ஸ். சிறுவயதில் நடந்த சம்பாஷணைகளை அப்படியே நினைவுகூர முடியாது, ஆகவே இதை நாவல் என்றே சொல்கிறோம் என்று முன்னுரையில் டெங் ஒளிக்காமல் கூறிவிட்டார். நாவலால் வந்த பணம் அவருடைய தர்ம ஸ்தாபனத்துக்குப் போய், அவருடைய சொந்த ஊரான மரியல் பாயில் 2009-ல் ஒரு உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. கலே புத்தகத்தையும் இந்த நாவலையும் அடுத்தடுத்துப் படித்தால் எனக்கு ஏற்படுகிற எண்ணம் இது: கலையின் முழுமை நாவலில்தான் இருக்கிறது. ஒரே மனிதனோடு கடைசிவரை நடக்க முடிகிறது. ஆனால் எங்கே டெங் முடிந்து எங்கே எக்கர்ஸ் தொடங்குகிறார் என்று எந்தப் பக்கத்திலும் சொல்ல முடியவில்லை. கலே புத்தகத்தில் கை நடுங்குகிறது. நடுங்குகிற கை யாருடையது என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை. இரண்டும் வேண்டும். ஒன்று இருக்கிறது என்பதற்காக இன்னொன்றை வேண்டாம் என்று சொல்கிறவர் இலக்கியத்தையும் அறியார், நியாயத்தையும் அறியார்.

இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைக்க வழி உண்டா? முன்னே சொன்ன ஃபால்ஸ் போர்டா ஒரு வழி கண்டார். கொலம்பியக் கடற்கரைப் பிரதேசத்தின் சரித்திரத்தை அவர் 1979 முதல் 1986 வரை நான்கு பாகங்களாக வெளியிட்டார். இடப்பக்கத்தில் கதை: ஜனங்கள் சொன்னபடி, அவர்களுக்குப் புரிகிறபடி. வலப்பக்கத்தில் ஆராய்ச்சி: படித்தவர்களுக்காக. வாசகன் எதை வேண்டுமானாலும் படிக்கலாம். ஆனால் ஒன்று மற்றொன்றை விழுங்க முடியாது. கலே எழுத்தாளர்களை வெட்டாமல் இடப்பக்கத்தில் விட்டுவிட்டு, பேராசிரியர்கள் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம் என்பது என் கட்சி. இன்னும் ஒரு படி மேலே போய், வலப்பக்கத்தை எழுதவும் அந்த இளைஞர்களில் இருவரைக் கூப்பிட்டிருக்கலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கதை சொல்ல உரிமை உண்டு என்றால், சொல்லாமல் இருக்கவும் உரிமை உண்டு. தன்னைப் பற்றி எழுதினால் மனப்பாரம் குறையும் என்று தொண்டர்கள் நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். சிலருக்குக் குறையும். சிலருக்கு, மூடியிருந்த புண்ணை வகுப்பு நேரத்தில் திறந்துவிட்டு, வகுப்பு முடிந்ததும் சேற்றில் கூடாரத்துக்குத் தனியே போகச் சொன்னது போலாகும். 'இதை எழுத மாட்டேன்' என்று ஒரு பையன் சொல்லும்போது, 'சரி' என்று சொல்லத் தெரிந்த ஆசிரியர்தான் உண்மையில் பங்கு கொடுத்தவர். நாவலாசிரியர்களுக்கும் இது பொருந்தும். கேட்டு வாங்க முடியாத கதைகள்தாம் உலகத்தில் அதிகம்.

பங்கேற்பு எங்கே போய் முடிய வேண்டும் என்று கேட்டால் நான் ஒரு கிழவரைக் காட்டுவேன். ஆல்ஃப் டப்ஸ் என்று பெயர். 1939-ல், ஆறு வயதில், நாஜிகளிடமிருந்து தப்பி, பிராக் நகரத்திலிருந்து குழந்தைகளை ஏற்றிவந்த ரயிலில் லண்டன் வந்து சேர்ந்தவர். பிற்காலத்தில் பிரபுக்கள் சபையில் உட்கார்ந்தார். துணையில்லாத அகதிக் குழந்தைகளை ஐரோப்பாவிலிருந்து இங்கிலாந்து ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 2016-ல் சட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவந்து நிறைவேற வைத்தார். மூவாயிரம் குழந்தைகள் என்று முதலில் பேச்சு இருந்தது; கடைசியில் சர்க்கார் 480 என்று நிறுத்திக்கொண்டது. வெற்றி பாதிகூட இல்லை. ஆனால் அந்தச் சபையில் கேள்வி கேட்டவர், ஒரு காலத்தில் கழுத்தில் எண் அட்டை தொங்க ரயிலிலிருந்து இறங்கிய குழந்தைகளில் ஒருவர். பதில் சொல்லிப் பழகியவர் அங்கே கேள்வி கேட்டார். இடையில் 77 வருஷங்கள் ஆகியிருந்தன.

முகாமில் பேனாவும் காமிராவும் கொடுப்பதால் அந்த 77 வருஷத்தில் கொஞ்சமாவது குறையுமா என்பதுதான் கேள்வி. குறையும் என்று இந்தப் புத்தகம் நிரூபிக்கவில்லை. ஆனால் வெட்டி அடுக்கிய பிறகும், துண்டு துண்டாகக் கிடக்கிற அந்தப் பக்கங்களில், ஆராயப்படுவதற்கு மறுத்துவிட்டுத் தாமே பேசத் தொடங்கிய சில மனிதர்களை நான் சந்தித்தேன். 'ஆப்பிரிக்கா'வும் 'எரித்திரியா'வும் தம் சொந்தப் பெயர்களைப் போட்டு, முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தனித்தனிப் புத்தகமாக எழுதுகிற காலம் வந்தால், விமர்சனம் செய்ய நான் முதலில் வரிசையில் நிற்பேன். அதுவரை இந்தப் புத்தகத்தை, அதன் குறைகளோடேயே, நாவல் படிக்கிறவர்கள் வாங்கிப் படிக்க வேண்டும்.